மெதுவாகத்தான் வருவார் குச்சனூர் சனீஸ்வரர்... நரம்பும் அப்படித்தான்!

கை மரத்துப்போன மேளக்காரர்கள் தேடிவரும் ஊரில், கையை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு பதில்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சின்னமனூரில் இறங்கி, மார்க்கையன்கோட்டை வழியாகத் திரும்பினால் காற்றே மாறிவிடும். இரண்டு பக்கமும் வயல், வாழை, தென்னை. தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக நிற்கும். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் வந்த பிறகு இந்தப் பள்ளத்தாக்கு தண்ணீருக்கு ஏங்கியது குறைவு. அந்தப் பசுமைக்கு நடுவில், வாய்க்கால் கரையோரம் இருக்கிறது குச்சனூர்.

மற்ற ஊர்களில் சனி பகவான் நவகிரகங்களில் ஒருவராக, ஓரமாக நிற்பார். இங்கே அவர்தான் மூலவர். அதுவும் சுயம்பு. இந்தச் சுயம்பு வளர்ந்துகொண்டே போகிறது என்பதும், வளர்ச்சியை நிறுத்தத்தான் மஞ்சள் காப்பு சாத்துகிறார்கள் என்பதும் ஊர் நம்பிக்கை. சுரபி நதி என்று பக்தர்கள் அழைக்கும் நீரில் குளித்துவிட்டு, மண்ணால் செய்த காகம் வாங்கித் தலையைச் சுற்றிப் போட்டு, எள் தீபம் ஏற்றி வணங்குவது வழக்கம். காகத்துக்குச் சோறு வைக்காமல் இங்கே எந்த வழிபாடும் முடியாது.

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் ஊர் தாங்காத கூட்டம். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் அம்மன் கோயில், கருப்பசாமி கோயில் என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கொடை, பொங்கல், காவடி. நையாண்டி மேளக்காரர்களுக்கு இரவும் பகலும் வாசிப்புதான். வேனில் ஏறி அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று ஓடுகிறவர்கள், வழியில் குச்சனூரில் இறங்கி ஒரு கும்பிடு போடுவதும் உண்டு. சிலருக்கு வேண்டுதல் ஒன்றுதான்: ‘கை பழையபடி ஓடணும் சாமி.’

ஜோதிடத்தில் நரம்புக்குக் காரகன் சனி என்பார்கள். கை, கால் மரத்தால், இழுத்தால், விறைத்தால் நம் வீடுகளில் மருத்துவரின் பெயரோடு சேர்த்து இந்தச் சாமியின் பெயரையும் சொல்வது அதனால்தான்.

ஏழரை ஆண்டு, ஏழரை நாழிகை ஆனது

ஊருக்கு இந்தப் பெயர் வந்த கதை சுவையானது. முன்பு இது செண்பகநல்லூர். இப்பகுதியை ஆண்ட தினகரன் என்ற மன்னனுக்குப் பிள்ளையில்லை. வந்து சேர்ந்த ஒரு சிறுவனைச் சந்திரவதனன் என்ற பெயரில் மகனாக வளர்த்தான். பின்னாளில் மன்னனைச் சனி பிடித்தது. வளர்ப்பு மகனுக்கு மனம் பொறுக்கவில்லை. சுரபி நதிக் கரையில் சனியை இரும்பில் உருவமாகச் செய்து வைத்து, ‘அப்பாவின் துன்பத்தை எனக்குக் கொடு’ என்று வேண்டினான். மனமிரங்கிய சனீஸ்வரர் ஏழரை ஆண்டுத் துன்பத்தை ஏழரை நாழிகையாகச் சுருக்கி அவனுக்குக் கொடுத்தார் என்கிறது தலபுராணம். அதன்பின் சுயம்புவாக எழுந்தவருக்குச் சந்திரவதனன் குச்சுப்புல்லால் கூரை வேய்ந்தான். குச்சனூர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை என்றால் சரியாக மூன்று மணி நேரம். ஏழரை ஆண்டோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய சலுகை!

உடம்பில் இருக்கும் நரம்பு இந்தச் சலுகையைத் தருவதில்லை. சனிக்கு ‘மந்தன்’ என்று ஒரு பெயர் உண்டு, மெதுவாக நடப்பவர். சூரியனை ஒருமுறை சுற்ற சனிக்கோளுக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். அறுந்தோ நசுங்கியோ போன நரம்பும் அப்படித்தான், மந்த நடை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் அது வளரும். முழங்கையில் பழுதான நரம்பு விரல் நுனி வரை வளர்ந்து வர ஓராண்டுகூட ஆகலாம். அதே சமயம், ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் நரம்பு எட்டாமல் கிடக்கும் தசை மறுபடி உயிர்பெறுவது கடினம். இசைக்கலைஞரின் பிழைப்பு இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் ஊசலாடுகிறது. ‘பார்க்கலாம், சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மூன்று சென்டிமீட்டர் நஷ்டம்.

சனிக்கிழமை இரவு வாதம்

மருத்துவப் புத்தகங்களில் ஒரு விசித்திரமான நோய்ப் பெயர் இருக்கிறது: ‘சாட்டர்டே நைட் பால்சி’. அதாவது, சனிக்கிழமை இரவு வாதம். மேலைநாடுகளில் வார இறுதியில் குடித்துவிட்டு, நாற்காலியின் முதுகுப்பலகை மேல் கையைத் தொங்கப்போட்டபடி தூங்கிப்போகிறவர்களுக்கு மறுநாள் காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாது. கை முறிந்த கிளைபோலத் தொங்கும். மேல்கை எலும்பைச் சுற்றி வரும் ரேடியல் நரம்பு, மணிக்கணக்கில் அழுத்தப்பட்டதால் வரும் கோளாறு அது.

குடிக்காதவருக்கும் வரும். விடிய விடிய வாசித்துவிட்டு, வேன் இருக்கையின் விளிம்பிலோ ஜன்னல் கம்பியிலோ கையைப் போட்டபடி அசந்து தூங்கும் மேளக்காரருக்கும் வரலாம். பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் ஒரு பட்டை போதும். இதற்கு முரட்டுத்தனமான மசாஜ் தேவையே இல்லை.

பழங்கால ஐரோப்பிய ரசவாதிகள் ஈயத்தைச் சனிக்குரிய உலோகம் என்றார்கள். ஈய நஞ்சு உடம்பில் ஏறினாலும் மணிக்கட்டு தொங்கும். ஆகவே அந்த நோய்க்குச் சனியின் பெயரையே வைத்தார்கள். ‘சனி வாதம்’தான் பேச்சுவழக்கில் ‘சனிக்கிழமை வாதம்’ ஆகிவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. குச்சனூருக்கும் ஐரோப்பாவுக்கும் தொடர்பில்லை. ஆனால், நரம்பைச் சனியோடு முடிச்சுப்போட்டது நாம் மட்டும் அல்ல.

எந்த வாத்தியம், எந்த நரம்பு?

இந்தப் பள்ளத்தாக்குக்கு இசை புதிதல்ல. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் குச்சனூர் இருக்கும் அதே உத்தமபாளையம் வட்டத்தில்தான் இருக்கிறது. நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி, ஆர்மோனியம், இன்றைக்குக் கீபோர்டு, கிடார் என்று எல்லாமும் இங்கே ஒலிக்கிறது. ஒவ்வொரு வாத்தியமும் உடம்பிடம் ஒரு விலை கேட்கும்.

தவில் பலா மரத்தால் ஆனது. ஊர்வலத்தில் அந்தப் பாரம் முழுவதும் ஒரு நாடாவில் தோளில் தொங்கும். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கொத்து, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகத்தான் இறங்குகிறது. நாடா வருடக்கணக்கில் அங்கே அழுத்தினால் கை முழுக்கக் கனம், மதமதப்பு. ஒரு கையில் கழியை இறுக்கிப் பிடித்து அடிப்பதும், இன்னொரு கையின் விரல்களில் கூடு மாட்டி அடிப்பதும் மணிக்கட்டுக்கு ஓயாத வேலை.

நாதஸ்வரக்காரருக்கு முழங்கை மணிக்கணக்கில் மடங்கியே இருக்கும். முழங்கையின் உள்பக்கம், இடித்துக்கொண்டால் ‘சுர்’ரென்று மின்சாரம் பாயுமே, அந்த இடத்தில் ஓடுவது அல்நார் நரம்பு. முழங்கை மடங்க மடங்க அது இழுபடும். வயலின் வாசிப்பவரின் இடக்கைக்கும் இதே சிக்கல்தான்.

எங்கே மரக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

● கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படலாம்.

● சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரக்கிறதா? முழங்கையைப் பார்க்க வேண்டும்.

● கழுத்தைத் திருப்பினால் வலி கை வரை மின்னுகிறதா? வேர் கழுத்தில் இருக்கலாம்.

● வலியே இல்லை, சோறு பிசைய முடிகிறது, எழுத முடிகிறது, ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் மட்டும் ஒரு விரல் சுருண்டுகொள்கிறதா? இது வேறு கதை. இந்தக் கதைக்கு உலகப் புகழ்பெற்ற ஒரு நாயகன் இருக்கிறார்.

முப்பது ஆண்டு சுருண்டு கிடந்த இரண்டு விரல்கள்

அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃபிளைஷர், 1928-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1952-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு பெற்றார். உச்சத்தில் இருந்தபோது, 1964-ல், வலக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையை நோக்கிச் சுருள ஆரம்பித்தன. வயது 36.

அவர் போகாத வைத்தியம் இல்லை. மசாஜ், ஊசி, மனவசியம் என்று கேட்டதையெல்லாம் செய்து பார்த்தார். மனம் உடைந்து கிடந்த காலமும் உண்டு. ஆனாலும் இசையை விடவில்லை. மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார், இசைக்குழு நடத்தினார், இடக்கைக்கு மட்டும் எழுதப்பட்ட படைப்புகளை வாசித்தார். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பால் விட்கன்ஸ்டைன் என்ற பியானோ கலைஞருக்காக ராவெல் எழுதிய இடக்கை இசைப்படைப்பும் அவற்றில் ஒன்று. 1982-ல் மறுபடி இரு கைகளாலும் மேடையேறிப் பார்த்தார். நிலைக்கவில்லை.

1990-களில்தான் நோயின் சரியான பெயர் தெரிந்தது: ஃபோக்கல் டிஸ்டோனியா. கையில் கோளாறு இல்லை. விரல்களுக்குக் கட்டளையிடும் மூளையின் பாதையில்தான் குழப்பம். போடாக்ஸ் ஊசி தசையின் இறுக்கத்தைத் தளர்த்தியது. கூடவே ‘ரால்ஃபிங்’ என்ற கைவழி சிகிச்சை. ஐடா ரால்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கிய முறை இது. தசைகளைப் போர்த்தியிருக்கும் சவ்வை ஆழமாக அழுத்தி நெகிழ்த்துவார்கள். இரண்டும் சேர்ந்து கைகொடுத்தன. 2004-ல் ‘டூ ஹேண்ட்ஸ்’ (இரு கைகள்) என்ற அவரது இசைத்தட்டு வெளியானபோது உலகமே கொண்டாடியது. முழுக்கக் குணமாகவில்லை, ஊசி தொடர்ந்து தேவைப்பட்டது. ஆனால் வாசித்தார். 2020-ல் 92 வயதில் மறைந்தார்.

இந்தக் கதையில் பாடம் ரால்ஃபிங்கின் மகிமை அல்ல. அதே மாதிரியான கைவைத்தியங்களை அவர் அதற்கு முன்பும் செய்துகொண்டவர்தான். என்ன நோய் என்று தெரிவதற்கு முன்னால் தொட்ட எந்தக் கையும் பலன் தரவில்லை. தெரிந்த பிறகு தொட்ட கை பலன் தந்தது. நடுவில் போனது ஏறக்குறைய முப்பது ஆண்டு. நான்கு ஏழரைச் சனி!

யார் கையில் கையைக் கொடுப்பது?

நம் மண்ணிலும் கைவழி வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றால் மசாஜ். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். வர்மத்தில் 108 புள்ளிகள். சனீஸ்வரருக்கு விளக்கேற்றும் அதே நல்லெண்ணெய்தான் பல மருந்தெண்ணெய்களுக்கு அடிப்படை.

இறுகிய தோளும் முன்கையும் நல்ல கைபட்டால் இளகும், ரத்த ஓட்டம் சீராகும், தூக்கம் வரும். அதில் சந்தேகமில்லை. ஆனால், தசையைத் தடவினால் தசைதான் இளகும். நெருக்கப்பட்ட நரம்பின் மேலேயே ஓங்கி அழுத்தினால், காயத்தின் மேல் காயம்.

நரம்பு என்பது ரவிக்கைக் கழுத்துக்குள் ஓடும் நாடா மாதிரி. கையை மடக்கினால், நீட்டினால் அது உள்ளே வழுக்கி ஓடவேண்டும். எங்கோ ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் இழுபடும். பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லிக்கொடுக்கும் ‘நர்வ் கிளைடிங்’ பயிற்சி, அந்த நாடாவை மெல்ல முன்னும் பின்னும் நழுவவிடும் வேலை. பலம் காட்டும் வித்தை இல்லை. செய்யும்போது மதமதப்பு கூடினால் உடனே நிறுத்த வேண்டும்.

நல்ல கை எது என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள்:

வாத்தியத்தைக் கொண்டுவரச் சொல்வார். தவிலை மாட்டி, நாதஸ்வரத்தைப் பிடித்து, எப்படி நிற்கிறீர்கள் என்று பார்ப்பார். நாடாவை அகலமாக்குவது, பஞ்சு வைப்பது, முழங்கைக் கோணத்தைச் சற்று மாற்றுவது போன்ற சின்ன மாற்றங்கள் பத்து நாள் மசாஜைவிடப் பெரிய வேலை செய்யும்.

கழுத்திலிருந்து விரல் வரை சோதிப்பார். வலிக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு எண்ணெய் எடுக்க மாட்டார். சர்க்கரை நோய், தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு உண்டா என்று கேட்பார். இவை மூன்றுமே கையை மரக்கவைக்கும்.

அளந்து வைப்பார். பிடியின் பலம் எவ்வளவு, எந்த விரலில் உணர்வு எவ்வளவு என்று முதல் நாளே குறிப்பார். ஒரு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பார். முன்னேற்றம் இல்லையென்றால் தானே வேறு மருத்துவரிடம் அனுப்புவார்.

உத்தரவாதம் தரமாட்டார். ‘பத்து சிட்டிங், கேரண்டி’ என்கிறவரிடம் எச்சரிக்கை வேண்டும். கழுத்தைப் ‘படக்’கென்று திருப்பிச் சொடுக்கெடுப்பவரிடமும், உணர்வில்லாத தோலில் சூடான ஒத்தடம் வைப்பவரிடமும், வீங்கிய கையை மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டுகிறவரிடமும் கையைக் கொடுக்கவே கூடாது. சுடுவதே தெரியாத தோல் வெந்துபோகும்.

பொருள் கைநழுவி விழுகிறது, கட்டைவிரல் அடியில் உள்ள சதைமேடு வற்றுகிறது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி விழுகிறது என்றால் மசாஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடவேண்டும். கை மரப்போடு நடையும் தடுமாறினால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. தோலில் வெளிறிய, உணர்வில்லாத படை இருந்து சுண்டுவிரல் மரத்தால் தொழுநோய்க்கும் சோதிக்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.

நரம்பு எங்கே, எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பதைச் சொல்ல நரம்புக் கடத்தல் சோதனை உண்டு. கை மரத்த மறுநாளே எடுத்தால் முழு விவரம் தெரியாது. மூன்று வாரம் கழித்து எடுக்கும்போதுதான் படம் தெளிவாகும். எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கைக்காகவே உழைத்த தமிழ்நாடு

நரம்பு செத்த கையை மீட்கும் கலையில் உலகத்துக்கே வழிகாட்டிய இடங்களில் ஒன்று தமிழ்நாடு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் நரம்பு போய், விரல்கள் கொக்கிபோல மடங்கிய கைகளைத்தான் அவர் முதலில் கவனித்தார். வேலை செய்யும் ஒரு தசைநாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றித் தைத்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கையை மறுபடி பழக்க வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கப்பட்டது. கத்தி பாதி, பயிற்சி பாதி என்ற பாடம் அங்கிருந்து உலகெங்கும் போனது.

பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி கைக்கென்றே தனித் துறையை வளர்த்தெடுத்தார். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசபாபதியின் குழு கை அறுவை சிகிச்சையில் பேர்பெற்றது. தேனி மாவட்டத்துக்காரர்கள் முதலில் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்கலாம். தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்கள், முறையாகப் பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவரிடம், சோதனை முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

குச்சனூருக்கும் கட்டாயம் போகலாம். வாசிப்பே பிழைப்பு என்றிருக்கும் ஒருவருக்கு ஆறு மாதம் வாத்தியத்தைத் தொடாதே என்று சொன்னால் உடம்பைவிட மனசுதான் முதலில் நொறுங்கும். மெதுவாக நடக்கும் சாமியின் முன்னால் உட்கார்ந்து, ‘மெதுவாக வந்தாலும் வந்துவிடும்’ என்ற பொறுமையை வாங்கிக்கொண்டு வருவது சின்ன விஷயமில்லை. வேண்டுதலும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

எப்படிச் செல்வது?

மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை ரயில் இருக்கிறது. அகலப்பாதையான பிறகு தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் மறுபடி ஓடத் தொடங்கியது. தேனியிலிருந்து கம்பம் செல்லும் பேருந்தில் ஏறிச் சின்னமனூரில் இறங்கினால், அங்கிருந்து குச்சனூருக்குப் பேருந்தும் ஆட்டோவும் கிடைக்கும். வழியில் வீரபாண்டி கௌமாரியம்மனைத் தரிசிக்கலாம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கம்பம் பக்கம் சுருளி அருவி, கூடலூர் வரை திராட்சைத் தோட்டங்கள். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் ஆடிச் சனிக்கிழமைகளைத் தவிர்க்கலாம்.

இரவுப் பயணம் என்றால் ஒன்று மட்டும்: கையை ஜன்னல் கம்பியிலோ இருக்கை விளிம்பிலோ போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.